அப்பாவின் பழைய ஹோல்டன்: ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதா, வி8 இறக்குவதா?

நீங்கள் கேட்டது இவ்வளவுதான்: அப்பா விட்டுப்போன எச்கியூ கிங்ஸ்வூட் (எழுபதுகளின் ஆஸ்திரேலிய ஹோல்டன் கார்), ஆறு சிலிண்டர் 202 எஞ்சின், நீலப்புகை. கழற்றிப் பூட்டிக் கொஞ்சம் வேகம் ஏற்றலாமா, இல்லை காசை வீணாக்காமல் எட்டு சிலிண்டர் வி8 ஒன்றை இறக்கலாமா? எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் "அது டிராக்டர் எஞ்சின், தூக்கி எறி" என்றிருக்கிறார்கள். அதை வாசித்த பிறகு நித்திரை வரவில்லை. அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

உங்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கார் கராச்சில் துணி போர்த்தியபடி நிற்கும். அம்மா "வித்துப்போட்டு வேற வேலையைப் பார்" என்றிருப்பார். சரிதானே? பிழையென்றால் மன்னியுங்கள்.

நான் எஞ்சினியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதிலிருந்து கராச்சில் நின்றவன். ஆகவே "வெப்ப இயக்கவியல்படி நீங்கள் சொல்வது தவறு" என்று யாரும் தொடங்க வேண்டாம். டட்சன் எல்28, ஜாகுவார் எக்ஸ்கே, ஃபோர்ட் பாரா எல்லாம் இதைவிட நல்ல ஆறு என்று வருபவர்களுக்கும் முதலே சொல்கிறேன்: ஓம், நல்லவைதான். கேள்வி அவற்றைப் பற்றியது அல்ல.

எங்கள் கராச்சில் வந்ததெல்லாம் ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர். நாலு சிலிண்டர். தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு மூடி பெற்றோலை, எரிபொருளையும் காற்றையும் கலக்கிற காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் தட்டும். அந்தத் தட்டலைக் குறைக்க சிலிண்டர்களை மூடுகிற ஹெட்டுக்குக் கீழே ஒன்றுக்குப் பதில் இரண்டு கஸ்கற் போட்டு அழுத்தத்தை இறக்குவோம். எந்தப் பொருளையும் எறிய மாட்டோம். தேய்ந்த பெயாரிங்குக்குக் கீழே தகரம் வைத்து ஓட்டியிருக்கிறேன். கெட்டித்தனம் என்றால் அதுதான் என்று நம்பிய காலம்.

1993 இல் மெல்பேர்ண் வந்தேன். சென்ட் ஓல்பன்ஸில் ஒரு அறை, இரவில் தொழிற்சாலை வேலை. இரண்டு வருடம் கழித்து 600 டொலருக்கு ஒரு 1973 கிங்ஸ்வூட் வாங்கினேன். ஸ்ரியரிங்கோடு ஒட்டிய மூன்று கியர். அன்றைக்கு அது ஏழைகளின் கார். எச்கியூ மட்டும் நாலு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். தெருவுக்கு மூன்று நின்றது. (இப்போது கேட்கிற விலையைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.)

முதன்முதல் போனட்டைத் திறந்தபோது ஒன்று பிடித்துக்கொண்டது. நீட்டாக, ஒரே வரியில் ஆறு. 1-6, 2-5, 3-4 என்று ஜோடி ஜோடியாக ஏறி இறங்கும். ஒன்றின் உதறலை இன்னொன்று விழுங்கிவிடும். நாலு சிலிண்டரோடு வளர்ந்த கைக்கு, ஓடுகிற எஞ்சினில் கை வைத்தால் அது ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். பக்கத்து வீட்டில் ஒரு மால்ட்டாக்காரக் கிழவர் இருந்தார். போர்ட் மெல்பேர்ண், ஃபிஷர்மன்ஸ் பெண்ட் ஹோல்டன் தொழிற்சாலையில், சிவப்புப் பெயின்ற் அடித்ததால் "சிவப்பு எஞ்சின்" என்று பெயர் வாங்கிய இதே எஞ்சின்களைப் பூட்டிய கைகள். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எஞ்சின் ஓடும்போது எயார் கிளீனரில் ஒரு காசுக்குத்தியை விளிம்பில் நிறுத்திக் காட்டச் சொன்னார். நான் ஐம்பது சதத்தை நிறுத்தினேன். "அதற்குப் பன்னிரண்டு பக்கம், கழுதைகூட நிறுத்தும். இருபது சதத்தை நிறுத்து" என்றார். விழுந்தது. அதோடு ரோசம் வந்துவிட்டது.

எஞ்சினை இறக்கினேன். சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் தட்டுகிற அளவுக்குப் படி. ஒரு மெஷின் சொப்பில் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கக் (ரீபோர்) கொடுத்தேன், 60 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது. 202 கன அங்குலம் அதோடு 208 ஆகிவிடும். கொடுத்த இடத்தின் பெயர் வேண்டாம். பிஸ்டனை அளக்காமலே கடைந்து தந்தார்கள், நானும் அளக்காமலே வாங்கி வந்தேன். யாரைக் குறை சொல்ல?

பிறகு ஆசை தலைக்கேறியது. 1972 இல் பாத்தர்ஸ்ட் மலைக் கார்ப் பந்தயத்தில், மழையில், பெரிய வி8 ஃபால்கன்களை விட்டுவிட்டு பீற்றர் புரொக் முதலாவதாக வந்தது இதே 202 போட்ட ரொறானா எக்ஸ்யூ-1 இல்தான். அதில் மூன்று ஸ்ட்ரோம்பேர்க் காபரேற்றர். சாதா எச்கியூவுக்கு 135 குதிரைவலு, அதற்கு 190. இது தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? பல்லாரட் பழைய சாமான் சந்தையில் விடியப்புறம் டோர்ச் பிடித்துத் தேடி, மனிஃபோல்டோடு மூன்று ஸ்ட்ரோம்பேர்க் வாங்கினேன். மூன்று கிழமைச் சம்பளம். புகையை இலகுவாக வெளியே விடுகிற எக்ஸ்ட்ராக்டர் குழாய்கள் பூட்டினேன். வால்வுகளைத் திறக்கிற காம்ஷாஃப்டைக் கொஞ்சம் முரட்டுத்தனமானதாக மாற்றினேன். ஹெட்டை 60 தௌ சீவினேன். ஊரில் இரண்டு கஸ்கற் போட்டு அழுத்தத்தை இறக்கியவன், இங்கே ஹெட்டைச் சீவி அழுத்தம் ஏற்றுகிறான் பாருங்கள்.

இந்த எஞ்சினின் பெரிய குறை அந்த ஹெட்டிலேயே இருக்கிறது. புகை வெளியே போக ஆறு வாசல், கலவை உள்ளே போக மூன்றே வாசல். இரண்டு சிலிண்டர் ஒரு வாசலைப் பங்கு போட வேண்டும், ஒரு கிணற்றில் இரண்டு வாளி போல. வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. எழுதிப் பாருங்கள்: நடுவில் உள்ள 3க்கும் 4க்கும் முறை சம இடைவெளியில் வரும். ஓரத்து 1-2க்கும் 5-6க்கும் வராது. ஒன்று வாயைத் திறந்து, எஞ்சின் 240 பாகை சுற்றியதும் மற்றது திறக்கும், பிறகு அடுத்த முறை வர 480 பாகை ஆகும். அதனால் மூன்று காபரேற்றரையும் ஒரே மாதிரி வைத்தால் நடுவிலுள்ளது ஒரு விதமாகவும் ஓரங்கள் வேறு விதமாகவும் எரியும். நான் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு மாதம் திருகினேன். காற்றைச் சமப்படுத்த கருவி இருக்கிறது. நான் ஒரு இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேற்றர் வாயிலும் வைத்து, மூன்றிலும் "ஸ்ஸ்ஸ்" ஒரே சத்தமாகும் வரை செய்தேன். இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். 1980 இல் வந்த நீல எஞ்சினில் பன்னிரண்டு வாசல் வைத்து கொம்பனியே இந்தக் குறையைத் திருத்தியது. அதாவது குறை இருந்ததை அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

எல்லாம் பூட்டி முடிக்கும்போது கையில் ஒரு சாமான் மிஞ்சியிருந்தது: புதிய டைமிங் கியர் வாங்க வேண்டிய காசு. சிவப்பு எஞ்சினில் காம்ஷாஃப்டைச் சுற்றுவது செயின் அல்ல, பல்லுக்குப் பல் பிடிக்கிற கியர். சத்தம் வராமலிருக்க மேல் கியரை உலோகத்தில் அல்ல, பைபரில் செய்திருந்தார்கள். பழையதைக் கழுவிப் பார்த்தேன். பல்லெல்லாம் வடிவாக இருந்தது. கிழவர் வேலிக்கு மேலால் "அதை எறி" என்றார். எனக்கா சொல்கிறார்? தகரம் வைத்துப் பெயாரிங் ஓட்டியவனுக்கு? அதையே பூட்டினேன்.

எட்டு மாதம் பறந்தது. உண்மையாகவே பறந்தது. அதற்குள் எங்கள் சனத்தில் என் காருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. 1997 இல் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என் அறை நண்பன். "அண்ணை, உங்கட காரிலதான் நான் போவன்" என்றான். கழுவி, மினுக்கி, முன்னால் பூமாலை கட்டினேன். மாப்பிள்ளையும் தோழனும் தலைப்பாகையோடு பின்னால். மண்டபம் டண்டினோங் பக்கம். வெஸ்ற்கேற் பாலத்தில் ஏறும்போது, சும்மா போயிருக்கலாம், மாப்பிள்ளைக்கு அந்த மூன்று காபரேற்றரின் சத்தத்தைக் காட்ட வேண்டும் என்று காலை அமத்தினேன்.

ஒரு "டக்". அவ்வளவுதான். எஞ்சின் செத்துவிட்டது. உருட்டி ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்ராட்டரைத் திருப்பினால் பாரமே இல்லாமல் விர்ரென்று சுற்றுகிறது. அந்தச் சத்தத்திலேயே வயிறு கலங்கியது. டிஸ்றிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டுத் தோழனை ஸ்ராட் பண்ணச் சொன்னேன். எஞ்சின் சுற்றுகிறது, உள்ளே காம்ஷாஃப்ட் சுற்ற வேண்டிய ரோட்டர் அசையவில்லை. காம்ஷாஃப்ட் நின்றுவிட்டது. பைபர் பல்லெல்லாம் சீவி எறிந்தது போலப் போயிருக்கிறது என்று திறக்காமலே தெரிந்தது. மேலே காற்று. மாப்பிள்ளை ஒரு கையால் வேட்டியையும் மறுகையால் தலைப்பாகையையும் பிடித்துக்கொண்டு பாலத்தில் நின்ற காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பின்னால் வந்த ஒருவரின் கொரோலாவில் ஏற்றி அனுப்பினேன். முகூர்த்தம் தப்பவில்லை, கடவுள் புண்ணியம். நான் பூமாலையோடு இழுவை வண்டியில் வீடு வந்தேன்.

அன்று மண்டபத்தில் ஒருவர் சொன்னாராம், "மெக்கானிக்கின்ர காரெண்டால் றோட்டிலதான் நிக்கும்." சிரித்தார்களாம். சரி, அது என் பிழை. ஆனால் இதை ஒருக்கா சொல்ல விடுங்கள். முப்பது வருடமாக நான் பார்த்தது: பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்டு, மெக்கானிக் வேலை பழகுகிறான் என்றால் முகத்தை ஒரு மாதிரிச் சுளிப்பார்கள். அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில். "தம்பி, சின்னச் சத்தம் ஒண்டு கேக்குது, போனட்டை ஒருக்கா திறந்து பார்." இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு தேத்தண்ணியோடு கணக்கு முடிந்துவிடும். பல் வைத்தியரிடம் போய் "ஒருக்கா வாயைத் திறக்கிறன், பாருங்கோ" என்று சும்மா கேட்பார்களா? கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெரியும். அழிக்கப் போவதில்லை.

எஞ்சினை மறுபடி இறக்கியபோது வால்வுகளைத் தள்ளுகிற புஷ்ரொட் கம்பிகள் இரண்டு வளைந்திருந்தன. ஹெட்டைச் சீவியதும் முரட்டுக் காம்ஷாஃப்டும் சேர்ந்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இடமே விட்டுவைக்கவில்லை. இந்த முறை கிழவர் வேலியைத் தாண்டி வந்தார். மைக்ரோமீற்றரை என் கையில் தந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்கும் அளந்து கொப்பியில் எழுத வைத்தார். ஆறு சிலிண்டர், முப்பத்தாறு எண். ஏழு மெயின் பெயாரிங்கிலும் இடைவெளியை அளக்க பிளாஸ்ரிகேஜ் நூலை வைத்து இறுக்கி, நசிந்த அகலத்தைப் பார்த்தோம். நாலாவது சிலிண்டர் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அது மெஷின் சொப்பின் கைவேலை. தேடித் திரிந்து வேறு பிளொக் எடுத்தோம். காம்ஷாஃப்டைச் சாதாரணமானதுக்கு மாற்றினேன், டைமிங் கியர் புதிய அலுமினியம். அது ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. ஸ்ட்ரோம்பேர்க்குகளை மட்டும் கழற்றவில்லை, அதற்கு மனம் வரவில்லை. 2002 இல் ஈயப் பெற்றோல் நின்றபோது, ஈயம் இல்லாமல் தேயக்கூடாதென்று வால்வு இருக்கைகளைக் கடினமானதாக மாற்றினேன். மற்றபடி இன்றுவரை திறக்கவில்லை. இருபது சதக் குத்தி நிற்கிறது. கிழவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சரி, உங்கள் விஷயம். எச்கியூவுக்குள் ஹோல்டனின் 253, 308 வி8 இரண்டும் பொருந்தும், தொழிற்சாலையே அப்படிப் போட்டு விற்றது. ஆனால் வி8 இறக்கினால் பிரேக், கியர்பொக்ஸ், பின் அச்சிலுள்ள டிஃப் என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டும். அதோடு அது அப்பா ஓட்டிய காராக இருக்காது. இதற்கு மேல் நான் சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறேன் என்பார்கள்.

முதலில் புகையைப் பாருங்கள். காலையில் ஸ்ராட் பண்ணும்போது மட்டும் ஒரு மேகம் வந்து நின்றால் பெரும்பாலும் வால்வு சீல்தான், சின்னச் செலவு. ஏற்றத்தில் இழுக்கும்போதும் புகைத்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். பிறகு எண் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, கழற்றத்தான் வேண்டும். வேகம் ஏற்றுவதென்றால் எக்ஸ்ட்ராக்டரோடு நிறுத்துங்கள். 202 சுற்றிச் சுற்றி ஓட விரும்பாத எஞ்சின். இதற்கு முந்திய 186 எஞ்சினில் பிஸ்டன் 3 அங்குலம் ஓடும், இதில் 3.25. அந்தக் கால் அங்குலம் இழுவையைத் தந்து, மேல் சுற்றைப் பறித்துவிடும்.

எதைச் செய்தாலும் முதலில் டைமிங் கவரைக் கழற்றி அந்தக் கியரைப் பாருங்கள். பைபர் என்றால், பல் எவ்வளவு வடிவாக இருந்தாலும், கிழவர் எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். இன்னொன்று, இதை வாசித்துவிட்டு ஸ்ட்ரோம்பேர்க்குக்கு விலை கேட்டு யாரும் எழுத வேண்டாம். விற்பதற்கில்லை.