ராக்கெட்டுக்கு டன் கணக்கில் திரவ ஹைட்ரஜனைக் குளிராக வைக்கிறோமே, லேசர் அணுக்கரு இணைவுக்கான கடுகளவு எரிபொருள் உருண்டையைக் குளிரவைப்பது மட்டும் ஏன் இவ்வளவு கடினம்?

சூலூர்பேட்டை, தடா பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில், எல்விஎம்-3 ராக்கெட்டின் சி-25 அடுக்கில் திரவ ஆக்சிஜனும் திரவ ஹைட்ரஜனுமாக 28 டன் நிரப்புகிறார்கள். ஹைட்ரஜன் கொதிப்பது 20 கெல்வினில், அதாவது மைனஸ் 253 டிகிரி செல்சியஸில். கலிஃபோர்னியாவிலுள்ள என்ஐஎஃப் லேசர் மையத்தின் உருண்டையும் 18, 19 கெல்வினில்தான் இருக்கிறது. குளிர் ஏறக்குறைய ஒன்றேதான், வேலைதான் வேறு.

டேங்கில் உள்ள திரவம் கொதித்துக்கொண்டே தன் வெப்பநிலையைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். அரை டிகிரி கூடினாலும் அழுத்தத்தைத் திறந்துவிட்டுச் சமாளிக்கலாம். லேசர் உருண்டையில் அது நடக்காது, அங்கே வெப்பநிலைதான் எரிபொருளின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள வைர ஓட்டின் உள்சுவர் முழுக்க, சுமார் 65 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பில், ஹைட்ரஜனின் கனமான இரு வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் கலந்து உறைந்த பனி ஒரே சீராகப் படிய வேண்டும். ஏற்ற இறக்கம் 1 மைக்ரானைத் தாண்டக் கூடாது. தாண்டினால் லேசர் நசுக்கும்போது உருண்டை கோணலாகிவிடும், நடுவில் வெப்பம் சேராது.

பனியைச் சமப்படுத்துவது டிரிட்டியமே. கதிரியக்கமுள்ள அது பீட்டா கதிரை உமிழ்ந்து சிதையும்போது கிராமுக்கு 0.32 வாட் வெப்பம் வருகிறது. உருண்டையில் மொத்த எரிபொருளே 0.2 மில்லிகிராம்தான், எடையில் 60 சதவீதம் டிரிட்டியம், ஆக வெப்பம் வெறும் 40 மைக்ரோவாட். பனி தடித்த இடத்தில் உள்பரப்பு ஒரு இம்மி சூடாகி ஆவியாகும், மெல்லிய இடத்தில் போய்ப் படியும். ஏறத்தாழ அரை மணிக்கொருமுறை ஏற்றத்தாழ்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இதைத்தான் பீட்டா லேயரிங் என்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சிக்கலும் இங்கேயே இருக்கிறது. இந்த வெப்பத்தால் பனியின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஏற்படும் வித்தியாசம், கணக்குப் போட்டால் சுமார் 0.35 மில்லிகெல்வின்தான். ஓட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 0.01 மில்லிகெல்வின் சூடாக இருந்தாலே பனி 1 மைக்ரான் அளவுக்கு நகர்ந்துவிடும். சென்சாரில் சராசரி வெப்பநிலை அழகாக 18.6 என்று காட்டலாம், பனி மட்டும் ஒருபக்கம் சாய்ந்திருக்கும்.

உருண்டை ஹோல்ராம் என்ற ஒரு சென்டிமீட்டர் உயரத் தங்க உருளைக்குள் இருக்கிறது. சுற்றிலும் ஹீலியம் வாயு, வெப்பம் அதன் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். உருளையின் சுவர் உருண்டையின் இடுப்புக்கு அருகில், துருவங்களுக்குத் தொலைவில். அதனால் இடுப்பு அதிகம் குளிர்ந்து அங்கே பனி தடிக்கும். உருளையின் நடுப்பகுதியை முனைகளைவிடச் சிறிது வெப்பமாக வைத்தால் அது சரியாகும். ஹீலியம் சூடாகி மேலே எழுவதால் மேல்-கீழ் வித்தியாசம் தனியாக வரும். அதற்கு இரண்டு முனைகளையும் தனித்தனி ஹீட்டரால் 1 மில்லிகெல்வினுக்குள் கட்டுப்படுத்துகிறார்கள். குளிர் வருவது உருளையைப் பிடித்திருக்கும் சிலிக்கன் கைகள் வழியாக.

பனி வளர்ப்பில் அவசரம் கூடாது. இரண்டு மைக்ரான் முனையுள்ள குழாய் வழியாகத் திரவத்தை ஏற்றி, முதலில் முழுவதையும் உறையவைப்பார்கள். பிறகு குழாய் வாயில் ஒரு சின்னப் படிகம் மட்டும் மிஞ்சும்வரை உருக்குவார்கள். 19.8 கெல்வின் உருகுநிலையை ஒட்டி, அந்த ஒற்றை விதையிலிருந்து மில்லிகெல்வின் கணக்கில் வெப்பநிலையை இறக்கினால் அரை நாளுக்கு மேல் ஆகும். வேகமாக இறக்கினால் பல படிகங்கள் முளைத்து, அவை சேரும் எல்லைகளில் பள்ளம் விழும். பீட்டா வெப்பம் அந்தப் பள்ளங்களை நிரப்பாது. எக்ஸ்-ரே படத்தில் பள்ளம் தெரிந்தால் உருக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஒட்டுப்போட வழியே இல்லை.

சுடும் முன் உருகுநிலைக்கு ஒன்றரை கெல்வின் வரை கீழே இறக்குவதும் உண்டு. உள்ளே இருக்கும் ஆவியின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 0.6 மில்லிகிராமிலிருந்து பாதியாகக் குறையும், நசுக்க எளிது. ஆனால் பனி சுருங்கி விரிசல் விடத் தொடங்குவதால் நீண்ட நேரம் காத்திருக்க முடியாது.

கடைசி ஆபத்து அறை வெப்பம். உருளையின் இரு முனைகளிலும் லேசர் நுழையும் துளைகள் வழியாக 300 கெல்வின் அகச்சிவப்புக் கதிர் நேரே துருவங்களில் விழும். அதனால் குளிர்ந்த மூடி ஒன்று உருளையைச் சுற்றியே இருக்கும், சுடுவதற்குச் சில விநாடிகள் முன்புதான் திறக்கும். வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் காற்றும் விடாது. கடற்கரை ஈரக்காற்றில் குளிர்க்குழாய் மேல் பனி பூப்பதை நம் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். இந்தக் குளிரில் நைட்ரஜன், ஆக்சிஜன்கூட அப்படித் துளையை மூடியிருக்கும் மெல்லிய படலத்தில் உறைந்து ஒட்டி லேசரின் வழியில் நிற்கும். அதைத் தடுக்க, சற்று வெப்பமான இரண்டாவது படலம் ஒன்றை வெளியே வைக்கிறார்கள்.