பழைய கமெண்டை நீக்கலாமா?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் கோப்பு முறைமை நிரலில் ஓரிடத்தில், ‘இதை அழைக்குமுன் ஐ_மியூடெக்ஸைப் பூட்டியிருக்க வேண்டும்’ என்ற கமெண்ட் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு) உள்ளது. ஆனால் அப்படியொரு பூட்டே (ஒரே தரவில் ஒரே நேரத்தில் பல வேலைகள் மோதாமல் காக்கும் ஏற்பாடு) இப்போது இல்லை. அதை நீக்கிவிடலாமா?
— கல்லூரி மாணவி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: நீக்காதீர்கள், திருத்துங்கள். ஒரே டைரக்டரியில் பல தேடல்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதற்காக, 2016-இல் வந்த 4.7 பதிப்பில் ஐ_மியூடெக்ஸின் இடத்தை ஐ_ஆர்டபிள்யூசெம் என்ற புதிய பூட்டு பிடித்தது. பெயர்தான் போயிற்றே தவிர, பூட்டிவிட்டு அழைக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. புதிய பூட்டைத் தனித்தும் (ஒரே ஒரு வேலை மட்டும்) பிடிக்கலாம், பகிர்ந்தும் (பல வேலைகள் சேர்ந்து) பிடிக்கலாம் என்பதால், அந்தச் செயற்கூற்றை அழைக்கும் இடங்களையெல்லாம் பார்த்து, எந்த வகை தேவை என்பதையும் கமெண்டில் எழுதுங்கள். (வெறுமனே பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் போதாது!) மாறாக, 2011-இல் 2.6.39 பதிப்போடு அடியோடு ஒழிந்த, கர்னல் முழுமைக்கும் பொதுவாக இருந்த ‘பெரிய கர்னல் பூட்டு’ பற்றிய கமெண்ட் கண்ணில் பட்டால், அதன் வேலையை வேறு பூட்டு ஏற்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு தாராளமாக நீக்கலாம்.

நிரல் மாற்றத்தோடு கலக்காமல் தனி பேட்சாக (திருத்தத் தொகுப்பாக) அனுப்புங்கள். எந்த மாற்றத்தால் கமெண்ட் காலாவதியானது என்பதை நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காட்டும் ‘கிட் லாக்’ கட்டளை மூலம் கண்டறிந்து, விளக்கத்தில் குறிப்பிடுங்கள்.