சொந்தமாக வரைந்த சேலை டிசைனைக் காப்பி அடித்தால் காப்புரிமை கைகொடுக்குமா?

கேள்வி: நானே வரைந்த டிசைன்களைச் சேலையில் அச்சடித்து ஆன்லைனில் விற்கிறேன். யாராவது காப்பி அடித்தால் காப்புரிமைச் சட்டத்தில் தடுக்க முடியுமா? பதிவு செய்தே ஆக வேண்டுமா?

பதில்:

புது டிசைன் எதையாவது இன்னும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாமல் வைத்திருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை போடாதீர்கள். கேள்வியைப் பார்த்தால் நீங்களும் என்னைப் போல வீட்டிலிருந்து தொடங்கி, இப்போதுதான் ஆர்டர் கூடிவரும் நிலையில் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் ஏமாந்தது சரியாக அந்தக் கட்டத்தில்தான்.

எனக்கு ஈரோடு. காட்டன் சேலைக்கு ஸ்கிரீன் பிரின்டிங். முதல் மூன்று வருடம் பட்டறையில் இருக்கும் பழைய டிசைன்களின் அச்சு ஃபிரேம்களை வைத்தே ஓட்டினேன். அப்புறம் 2019இல் நானே ஒரு முந்தி வரைந்தேன். எங்கள் அப்பத்தா ஊரில் வாய்க்கால் ஓரம் நிற்கும் பனைகளும், அவற்றில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளும். மகளைத் தூங்கவைத்துவிட்டு இரவில் உட்கார்ந்து வரைந்ததில் மூன்று வாரம் ஆனது. மொத்தம் பதினோரு கூடுகள். ஒன்பதாவது கூட்டின் குழல் மட்டும் இடப்பக்கம் வளைந்திருக்கும். கை நழுவி வந்த கோடு அது, நன்றாக இருந்ததால் அப்படியே விட்டேன்.

நல்ல போக்கு. ஐந்து மாதத்தில் முந்நூறுக்கு மேல் விற்றது. ஆடிக் கழிவு நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் அக்கா போட்டோ அனுப்பி, "இது உங்க சேலைதானே, பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன். பதினோரு கூடுகள். ஒன்பதாவதின் குழல் இடப்பக்கம். என் சேலையை விரித்துவைத்து அப்படியே டிரேஸ் எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வரைந்த தாள்கள், தேதியோடு போட்டோக்கள், பட்டறை பில் எல்லாம் இருந்தன. ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் கோயம்புத்தூரில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதுல எத்தனை சேலை போட்டீங்க?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் பேச்சில் எல்லாவற்றையும் காப்புரிமை என்கிறோம், செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது. சட்டத்தில் கண்டுபிடிப்புக்குக் கொடுப்பது காப்புரிமை, அது நமக்குச் சம்பந்தமில்லை. ஓவியம், எழுத்து, போட்டோ எல்லாம் பதிப்புரிமை. ஒரு பொருளின் மேல் வரும் வடிவம், கோலம், அச்சு ஆகியவற்றுக்கு 2000ஆம் வருடத்து டிசைன் சட்டம் தனியாக இருக்கிறது. பதிப்புரிமை வரைந்த நிமிடமே தானாக வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. இதை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவை. டிசைன் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல், அதை வைத்துத் தொழில் உற்பத்தி முறையில் ஐம்பதுக்கு மேல் பொருள் செய்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை போய்விடும். கையால் ஸ்கிரீன் இழுக்கிறோமே, இது தொழிற்சாலை இல்லையே என்று நானும் கேட்டேன். டிசைன் சட்டத்தின் விளக்கத்திலேயே கையால் செய்யும் முறையும் அடக்கம் என்று காட்டினார்.

என் கணக்கு முந்நூறைத் தாண்டிவிட்டது. சரி, இப்போதாவது டிசைனைப் பதிவு செய்யலாமே என்றால் அதற்கும் வழியில்லை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்னால் டிசைன் பொதுவெளியில் வந்திருக்கக் கூடாது. என்னுடையது ஐந்து மாதமாக இன்ஸ்டாகிராமில் இருந்தது.

என் ஒருத்தி கதை இல்லை இது. சோபாத் துணிகளின் பூ டிசைனுக்காக மைக்ரோஃபைபர்ஸ் என்ற கம்பெனி போட்ட வழக்கில் 2009இல் டில்லி உயர் நீதிமன்றம் இதே வழியில்தான் தீர்ப்புச் சொன்னது. தாளில் இருக்கும் ஓவியத்துக்கு முழுப் பாதுகாப்பு உண்டு, அதைத் துணியில் ஏற்றிப் பெருக்கினால் டிசைன் சட்டத்துக்குள் வர வேண்டும். அதாவது என் பனையை யாராவது ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டும் படமாக விற்றால் நான் வழக்குப் போடலாம். சேலையில் போட்டால் முடியாது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

"பனையும் குருவியும் உங்க வீட்டுச் சொத்தா?" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லை. பனை வரையுங்கள், குருவி வரையுங்கள், என்னைவிட அழகாக வரையுங்கள். நான் பேசுவது என் கோடுகளைப் பற்றி. "அவரும் சின்ன வியாபாரிதானே, வயிற்றில் அடிக்கலாமா" என்று என் சொந்தக்காரர் ஒருவரே கேட்டார். என் பட்டறையில் வேலை செய்யும் நான்கு பேருக்கும் வயிறு இருக்கிறது.

எனக்குக் கொஞ்சம் கைகொடுத்தது போட்டோக்கள். காப்பி அடித்த கடைக்காரர் என் தங்கை சேலை கட்டி நிற்கும் படங்களையே எடுத்து, முகத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தன் பக்கத்தில் போட்டிருந்தார். போட்டோவுக்குப் பதிப்புரிமை முழுதாக உண்டு, இந்த ஐம்பது கணக்கு அதற்கு வராது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான் என்று அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்டுடியோ பில்லைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதை வைத்துப் புகார் கொடுத்ததும் படங்கள் இறங்கிவிட்டன. விதிப்படி, புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க வேண்டும், 21 நாளுக்குள் நாம் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். நல்லவேளை, அவர் திரும்பப் போடவில்லை. ஆனால் சேலை இன்றைக்கும் விற்கிறது.

நீங்களே வரைகிறீர்கள், சரி. நாளைக்கு வெளியே ஒருவரிடம் காசு கொடுத்து வரையச் சொன்னால் போட்டோ விதியை நம்பி இருக்காதீர்கள். கையெழுத்தோடு எழுத்தில் உரிமை மாற்றம் வாங்குங்கள், காலத்தையும் குறிப்பிடுங்கள். காலம் எழுதவில்லை என்றால் ஐந்து வருடம்தான் என்று எடுத்துக்கொள்ளும் சட்டம்.

      

இப்போது செய்வதைச் சொல்கிறேன். வரைந்து முடித்ததும் பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன்பே டிசைன் விண்ணப்பம் போட்டுவிடுகிறேன். டிசைன் அலுவலகம் கொல்கத்தாவில், ஆன்லைனிலேயே அனுப்பலாம். தனிநபருக்கு ஒரு டிசைனுக்கு அரசுக் கட்டணம் 1000 ரூபாய். பத்து வருடப் பாதுகாப்பு, இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். எல்லா டிசைனுக்கும் போட முடியாது, என்னாலும் முடியவில்லை. ஓடும் என்று மனதுக்குப் பட்டதற்கு மட்டும் போடுகிறேன். திருடினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 வரை கேட்கலாம், அல்லது நஷ்ட ஈட்டோடு தடை உத்தரவு கேட்டு மாவட்ட நீதிமன்றம் போகலாம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் பதிவுச் சான்றிதழின் நகலோடு ஒரு வக்கீல் நோட்டீஸ் போனாலே பாதிப் பேர் அச்சு ஃபிரேமை இறக்கிவிடுகிறார்கள். போன வருடம் ஒருவர் அப்படி இறக்கினார், நானே பார்த்தேன்.

ஏற்கனவே ஐம்பதைத் தாண்டி விற்றுவிட்ட டிசைன்களை விட்டுவிடுங்கள். அவற்றின் போட்டோக்களையும், போட்டோ எடுத்த பில்லையும் மட்டும் பத்திரப்படுத்துங்கள். அலமாரியில் வெளியே காட்டாத வரைபடம் ஏதாவது இருந்தால், அதற்கு இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள்.