ஃபீஸ் கட்ட வழி இருக்கிறதா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை. மகள் இந்த வருடம் பி.இ. சேர வேண்டும். 'மேனேஜ்மென்ட் சீட் போட்டுவிடுங்கள், முதல் பட்டதாரி சலுகையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்' என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?
– ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: நம்ப வேண்டாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவரின் டியூஷன் ஃபீசை அரசு ஏற்கும் சலுகை அது. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில், அதாவது ரேங்க் பட்டியல்படி அரசு சீட் ஒதுக்கும் முறையில் கிடைத்த சீட்டுக்குத்தான் அது உண்டு. மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்துவிட்டால் பிறகு எந்தச் சான்றிதழைக் காட்டியும் பயனில்லை. ஏஜென்டுக்குக் கமிஷன் போய்ச் சேர்ந்திருக்கும்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கேளுங்கள். அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அதற்கு வருமான வரம்பு கிடையாது.

இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இருவரும் பார்த்த பிறகுதான் தாலுகா ஆபீசில் கையெழுத்தாகும். ரிசல்ட் வந்த வாரத்தில் ஊரே வரிசையில் நிற்கும் என்பதால் பரீட்சை முடிந்ததுமே போட்டுவிடுங்கள். சிக்குகிற இடங்கள் இரண்டு. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால், 'இன்னும் டிகிரி முடிக்கவில்லையே' என்ற வாதம் எடுபடாது, குடும்பத்தில் ஒருவருக்குத்தான். இன்னொன்று, சான்றிதழோடு மாணவியும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியையும் கலந்தாய்வுத் தளத்தில் ஏற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சலுகையும் டியூஷன் ஃபீசுக்கு மட்டும்தான். பஸ், ஹாஸ்டல் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆனதாக இணையதளம் காட்டுகிறது. பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பேங்கில் கேட்டால் 'ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கிறது' என்கிறார்கள்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பேங்க் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது வேறு லிங்க். கே.ஒய்.சி.க்காக, அதாவது வாடிக்கையாளர் யார் என்று வங்கி உறுதிசெய்துகொள்ள, ஆதார் எண்ணைக் கணக்கில் பதிவது ஒன்று. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (தேசியப் பணப் பரிமாற்றக் கழகம்) பதிவேட்டில் ஏற்றுவது இன்னொன்று. ஸ்காலர்ஷிப் வருவது இரண்டாவது வழியில்தான். அந்தப் பதிவேட்டில் ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான் நிற்கும். கடைசியாக எதை இணைத்தோமோ அதற்குத்தான் பணம் போகும்.

'மை ஆதார்' தளத்தில் ஓ.டி.பி. போட்டு நுழைந்து, வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். எந்த வங்கி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். அங்கே வேறு வங்கியின் பெயர் இருந்தால் பதற வேண்டாம். பள்ளியில் படிக்கும்போது திறந்து மறந்துபோன கணக்கில் பணம் உட்கார்ந்திருக்கக்கூடும். அந்தப் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். பெயரே காட்டவில்லை என்றால், வங்கிக் கிளையில் 'டி.பி.டி.க்காக ஆதார் சீடிங்' (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவதற்கான ஆதார் இணைப்பு) என்று குறிப்பிட்டு ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுங்கள். 'ஆதார் லிங்க் பண்ணுங்க' என்று மட்டும் சொன்னால் மறுபடி கே.ஒய்.சி.யைத்தான் செய்வார்கள். கணக்கு மகன் பெயரில் இருக்கட்டும். நெடுநாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கென்றால் முதலில் அதை உயிர்ப்பிக்க வேண்டும். மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் என்று இருப்பது நம் ஊருக்கே உரிய தலைவலி. அதையும் அடுத்த விண்ணப்பத்துக்குள் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: கல்விக் கடன் கேட்டால் வீட்டுப் பத்திரம் கொண்டுவரச் சொல்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவன் என்ன செய்வேன்?
– ஆட்டோ ஓட்டுநர், சைதாப்பேட்டை

பதில்: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். 4 லட்சம் வரை நம் கைப்பணமாக எதுவும் போட வேண்டியதில்லை. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள். வாய்வார்த்தையாக 'முடியாது' என்றால் விட்டுவிடாமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுப்பதற்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வட்டி மானியமும் உண்டு. படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் ஏறும் வட்டியை மத்திய அரசு கட்டும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடம் 10 சதவீத வட்டிக்கு வாங்கினால், அந்த ஐந்து வருடத் தனிவட்டியே 1,40,000 ரூபாய். கல்லூரிக்கோ படிப்புக்கோ நாக் அல்லது என்.பி.ஏ. (உயர்கல்வியின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகள்) அங்கீகாரம் இல்லையென்றால் அந்தத் தொகை உங்கள் தலையில் விழும். ஆகவே கல்லூரியைத் தேர்வு செய்யும்போதே அதைப் பாருங்கள். மானியம் கிடைத்தாலும் அசல் 4 லட்சத்தை அதே 10 சதவீத வட்டியோடு பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 5,290 ரூபாய் ஆகும். முழுக் கட்டணத்துக்கும் கடன் வாங்காமல், சலுகை போக மிச்சத்துக்கு மட்டும் கேளுங்கள்.

கேள்வி: பி.காம். படிக்க ஏதாவது உதவி?
– மாணவி, திருவொற்றியூர்

பதில்: முதல் பட்டதாரி சலுகை பி.காமுக்கு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம் 2010-11 முதல் இருக்கிறது; அதன் இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்கு இடம் கிடைக்கும். ஆதரவற்றோர், கைம்பெண்களின் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிக்க வருவோர் ஆகியோருக்கு முன்னுரிமை. ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். எனவே வருமானச் சான்றிதழை இப்போதே எடுத்துவிடுங்கள்.