அணைத்த பின்னும் மினுங்கும் பட்டாலை விளக்கு

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். பட்டாலைக் கூடத்தில் தேக்கு மச்சிலிருந்து தொங்கும் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. எல்.இ.டி. பல்பை இரண்டு முறை மாற்றியாயிற்று. சுவிட்சை அணைத்தாலும் லேசாக மினுங்குகிறது. தை மாதம் கல்யாணம். நாங்களே சரிபார்க்கலாமா?

பதில்: பல்பும் ஹோல்டரும் வரை நீங்கள் பார்க்கலாம். அதற்கு மேல் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை.

நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே கோளாறாக இருக்க வேண்டியதில்லை. விட்டுவிட்டு எரிவது பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு. அணைத்தும் மினுங்குவதுதான் கவலை. மின்சாரம் வரும் பேஸ் வயரில் சுவிட்சைப் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருந்தால் அப்படி ஆகும். அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். மரப்பட்டிக்குள் வயர்கள் நெடுந்தூரம் ஒட்டி ஓடினாலும், சுவிட்சில் இண்டிகேட்டர் இருந்தாலும் மினுங்கும், அவை ஆபத்தில்லை. எது என்று தெரியும்வரை முதலாவதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு இது இரண்டு நிமிஷ வேலை: பல்பைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, அதன் இரண்டு முனைகளிலும் டெஸ்டர் வைப்பார். ஒன்றில் எரிந்தால் பேஸ் சரி. இரண்டிலும் எரியாவிட்டால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது.

ஏணியில் ஏறுமுன் மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் மெயின் போன அடுத்த நொடியே விளக்கு லைனுக்கு அது மின்சாரம் கொடுக்கும். அதையும் அணைக்க வேண்டும். பழைய போர்டுகளில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு பியூஸ் கட்டைகள் இருக்கும். நியூட்ரல் கட்டையை மட்டும் உருவினால் விளக்கு அணைந்துவிடும், வயரில் உயிர் இருக்கும். இரண்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். காய்ந்த மர ஏணியில் நிற்கும்போது அதன் வெளிச்சம் மங்கும், முற்றத்து வெயிலில் கண்ணுக்கே தெரியாது. இரண்டு முனை வைத்துப் பார்க்கும் மல்டிமீட்டர் மேல். ஏணி மரமோ பைபரோ இருக்கட்டும், இரும்பு வேண்டாம். வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் கால் வழுக்கும்; அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பல்பைக் கழற்றி அடியில் உள்ள இரண்டு ஈயப் பொட்டுகளைப் பாருங்கள். கரிந்து குழி விழுந்திருந்தால் குற்றவாளி ஹோல்டர். அதனுள்ளே இரண்டு பித்தளை ஊசிகள் இருக்கும். ஈர்க்குச்சியால் அழுத்தினால் துள்ளி மேலே வர வேண்டும். ஒன்று அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டால் ஸ்பிரிங் செத்துவிட்டது. முன்பு 60, 100 வாட் குண்டு பல்பு ஆண்டுக்கணக்கில் எரிந்த சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்து, ஹோல்டரின் பேக்கலைட் பிளாஸ்டிக்கும் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். 9 வாட் எல்.இ.டி. போட்டதால் அது திரும்பாது. மீன் கவிச்சி போல நாற்றம் வந்தால் பிளாஸ்டிக் சூடாகிறது என்று அர்த்தம்.

புது ஹோல்டர் மாட்ட வயரைத் தொடும்போதுதான் கவனம் வேண்டும். ரப்பர் உறை போட்ட பழைய வயர் என்றால், லேசாக வளைத்தாலே உறை கறுப்புத் தூளாக உதிரும். உதிர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதன் மேல் டேப் சுற்றுவது வீண்; சுற்றிய இடத்துக்கு மேலே மச்சுக்குள் போகும் நீளமும் அப்படித்தான் இருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டில் எலிக் கடியும், ஐப்பசி மழையில் தளம் ஒழுகி நனைந்த மரப்பட்டியும் அதோடு சேரும்.

எலக்ட்ரீஷியனை 500 வோல்ட் மெகர் (வயர் உறையின் காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எல்.இ.டி. பல்புகளைக் கழற்றிய பிறகு. 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் அந்த லைன் முழுக்க மாற்ற வேண்டியதுதான். தேக்கு மரப்பட்டியை எறியத் தேவையில்லை. நல்ல நிலையில் இருந்தால் அதற்குள்ளேயே 1.5 சதுர மி.மீ. செம்பு வயரும் பச்சை எர்த் வயரும் இழுக்கலாம். பித்தளை விளக்குக்கு எர்த் கட்டாயம். கண்ணாடிச் சரவிளக்கானால் எடையைக் கொக்கியும் சங்கிலியும் தாங்கட்டும், வயர் அல்ல.

விளக்கு லைனுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் (அதிக மின்சாரம் பாய்ந்தால் தானே விழும் சுவிட்ச்), மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு இருந்தால் தானே விழும் சுவிட்ச்) போடுங்கள். ஆர்.சி.சி.பி. மாட்டிய அன்றே விழுந்துகொண்டிருந்தால் சாதனத்தைக் குறை சொல்லி பைபாஸ் செய்துவிடுவார்கள், விடாதீர்கள். ஈரத்தில் கசிவதுதான் பெரும்பாலும் அங்கே காரணமாக இருக்கும். அதைப் பிரித்துக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் பிடிக்கலாம், மார்கழிக்குள் ஆளை வரச் சொல்லிவிடுங்கள்.