பிரிந்ததும் பிளந்ததும்

கேள்வி: பிளத்தல், பிரித்தல், பகுத்தல், வகுத்தல், கூறு போடுதல், விள்ளுதல் என்று ஒரே வேலைக்கு எதற்கு இத்தனை சொற்கள்? ‘பிரித்தல்’ ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அகராதியோடு விட்டுவிட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுமை குறையுமே?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: ஒரே வேலை என்று முடிவு கட்டுவதற்கு முன் தாங்கள் ஒரு விறகுக் கடை வாசலில் சிறிது நேரம் நின்றிருக்கலாம். நீளமான மரத்தைக் குறுக்கே துண்டாக்குவது தறித்தல். தறித்த துண்டை நிமிர்த்தி வைத்து, நார் ஓடும் வழியே கோடரியை இறக்குவது பிளத்தல். கீற்று முடைபவர்களும் தென்னை மட்டையை அடியிலிருந்து நுனிவரை நெடுகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்ட பிறகே முடைய உட்காருகிறார்கள். அவர்களிடம் போய் ‘மட்டையைப் பிரித்துக் கொடுங்கள்’ என்று கேட்டால், கட்டை அவிழ்த்து ஒரு மட்டையை உருவித் தருவார்கள், பிழை அவர்களுடையதன்று. சேர்த்துக் கட்டியதைத்தான் பிரிக்க முடியும்: பொட்டலத்தைப் பிரிக்கலாம், பழைய கூரையைப் பிரிக்கலாம், வேண்டுமானால் திரும்பக் கட்டவும் செய்யலாம். ஒன்றாகவே விளைந்ததை இரண்டாக்கும்போதுதான் அது பிளவு. ‘பிரிந்தவர் கூடினால் பேசவும் வேண்டுமோ’ என்கிறோம். பிளந்தவர் கூடியதாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வகுத்தலுக்குக் கணக்கு வேண்டும். ஒன்றை 320 ஆக வகுத்து அதில் ஒரு பங்கை முந்திரி என்றும், அந்த முந்திரியை மறுபடியும் 320 ஆக வகுத்துக் கீழ்முந்திரி என்றும் பெயரிட்டவர்கள் நம் முன்னோர்; தாங்கள் சுமை என்று இரங்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் ‘வகுப்பு’ம் இதே வேரில் முளைத்ததுதான். இட்லியை விள்ளுவதற்கோ கணக்கும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், விரல்கள் போதும். கத்தி பட்டுவிட்டால் அதற்குத் துண்டு என்று பெயர், விள்ளல் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். சந்தையில் தக்காளியைத் தராசில் ஏற்றாமல் கண்ணளவில் சிறு சிறு குவியலாக வைத்து விற்பது கூறு.

இவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்திவைக்கும் சொல் ‘பகு’. ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்று வள்ளுவர் அதை உணவின் பக்கம் வைக்கிறார். பகிர்தலும் அந்த வேரைச் சேர்ந்ததே. ஆனால் பகையும் அதே வேரிலிருந்துதான் வருகிறது. இலையில் விழுந்த சோற்றைப் பகுத்தால் உறவும், மனம் பகுபட்டால் பகையும் பிறக்கும் என்பதை ஒரே வேருக்குள் வைத்திருக்கும் மொழியில், பிள்ளைகளுக்குச் சுமை என்று சொல்லி எதை இறக்கிவைக்கச் சொல்கிறீர்கள்?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரும் அண்ணன் தம்பிகள் கையெழுத்திடுவது பாகப்பிரிவினைப் பத்திரத்தில். பாகப்பிளவு என்று அதற்கு எந்தப் பத்திர எழுத்தரும் தலைப்பிடுவதில்லை. சில வீடுகளில் பிளவு கையெழுத்துக்கு வெகுநாள் முன்பே நடந்து முடிந்திருக்கும்.