ஹைபோவா, ஹைப்பரா?

கேள்வி: ஹைபோ, ஹைப்பர் என்று டாக்டர்கள் சொல்வதெல்லாம் ஒரே சங்கதிதானே? இரண்டுமே சுகர் தொந்தரவுதான். நமக்கெதற்கு இந்தக் கிரேக்க ஆராய்ச்சி?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ஒரே சங்கதி இல்லை, நேர் எதிர். வீட்டில் சுகர் உள்ளவர் யாராவது இருந்தால் இது உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

சோழவந்தானில் ஒரு கல்யாணம். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்த என் அப்பாவுக்குப் பந்தி தாமதமாகிவிட்டது. வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. "சுகர் ஏறிடுச்சு, இனிப்பு எதுவும் குடுத்துராதீங்க" என்று சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் காபி டம்ளரைக்கூடப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். ஏறவில்லை ஐயா, இறங்கியிருந்தது! கூட்டத்திலிருந்த ஒரு நர்ஸம்மா சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் அவருக்கு நிதானம் வந்தது.

ஹைப்பர் என்றால் கிரேக்கத்தில் மேலே, மிஞ்சி. ஹைபோ என்றால் கீழே, அடியில். கிளைகிஸ் இனிப்பு, ஹைமா ரத்தம். ஆக, ஹைபோகிளைசீமியா என்றால் ரத்தத்தில் இனிப்பு கீழே போய்விட்டது என்று பொருள். தோலுக்கு அடியில் போடும் ஊசியை ஹைபோடெர்மிக் என்பதும் இப்படித்தான். டெர்மா என்பது தோல்.

இன்னும் குழப்பமா? வைகை அணை நிரம்பினால் 'உபரி நீர் திறப்பு' என்று பேப்பரில் படிக்கிறோமே, வடமொழியிலிருந்து வந்த அந்த உபரியும் ஹைப்பரும் ஒரே வேரில் பிறந்தவை. உபநதி, உபகதை என்கிறோமே, அந்த 'உப'வுக்கும் ஹைபோவுக்கும் அதே உறவு. உபரி என்றால் ஹைப்பர், உப என்றால் ஹைபோ. இவ்வளவு பக்கத்தில் கிடக்கும் சொல்லை ஆராய்ச்சி என்று ஒதுக்காதீர்கள்.

சரி, காரியத்துக்கு வருவோம். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஹைபோ. நினைவு இருக்கிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்; 108-ஐக் கூப்பிடுங்கள்.

தைராய்டு, பிரஷர் எதுவானாலும் பெயருக்கு இதே கணக்குதான்: ஹைப்பர் என்றால் கூடுதல், ஹைபோ என்றால் குறைவு. அடுத்த தடவை டாக்டர் ஹைபோ என்றோ ஹைப்பர் என்றோ சொன்னால், "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்று அங்கேயே கேட்டு, சீட்டில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.